இருபத்து மூன்று அங்குலம்

குவைத்
7-3-75

அன்புள்ள உலகம்மைக்கு,

நான் சுகம். காய்ச்சல் விட்டுவிட்டது. நீயும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் கோயில் கொடியேற்றம், பக்கத்து வீட்டு மாடு. நாலாவது பக்கத்தில்தான் விஷயம் வருகிறது. இனிமேல் விஷயத்தை முதலில் எழுது. நான் ஷிப்டு முடிந்து, கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் நின்றுகொண்டே வாசிக்கிறவன்.

உன் அப்பாவின் பிளிமத் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்கிறாய். சந்தோஷம். மாமா காலமான நாளிலிருந்து ஷெட்டில் கிடக்கிற வண்டி. பேட்டரி எங்கிருந்து வந்தது? கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தது யார்? "தாணு அத்தான் வந்து பார்த்தார், ஸ்டார்ட் ஆயிற்று" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாய். உன் தாய்மாமன் மகன் தாணுமாலயன் காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவன். சாக்பீஸ் பிடிக்கிற கை. அது எப்போது ஸ்பானர் பிடிக்கக் கற்றது?

இன்னொன்று. நீ என்னையும் அத்தான் என்றுதான் எழுதுகிறாய். அவனையும் அத்தான் என்று எழுதினால் வாசிக்கும்போது இடிக்கிறது. அவனுக்குப் பெயர் இருக்கிறது.

"இது காரோடு வந்த என்ஜின்தான், உன் வீட்டுக்காரர் சொன்னது தப்பு" என்று அவன் சொன்னானாம். நீயும் அதை ஸ்டாம்பு ஒட்டி எனக்கு அனுப்புகிறாய். மறுவீட்டுக்கு வந்தபோது பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உன் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இது ஃபார்கோ லாரி என்ஜின். காரில் இருந்ததை எவனோ உருவிக்கொண்டு இதை மாமா தலையில் கட்டியிருக்கிறான். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆட்டோமொபைலில் டிப்ளமா வாங்கியது நான்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். பிளிமத் காரும் ஃபார்கோ லாரியும் ஒரே கம்பெனி, இரண்டுக்கும் ஒரே ஜாடையில்தான் என்ஜின் வார்த்தது. ஆறு சிலிண்டர், வரிசையாக, மேலே தட்டையான ஹெட். பார்வைக்கு அண்ணன் தம்பி. அதனால்தான் பிசிக்ஸ்காரன் ஏமாறுகிறான். நம்பரைப் பார்க்க வேண்டும். பானெட்டைத் திற. என்ஜினின் இடதுபக்கம், முன்னால், ஜெனரேட்டருக்கு மேலே, ஹெட்டுக்குக் கீழே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு மேடு இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடை. மெல்லிசுத் தாளை வைத்து, வண்டி ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எடுக்கிற மாதிரி, பென்சிலைச் சாய்த்துத் தேய். எழுத்து விழும். பி-15 என்று தொடங்கினால் கார். டி என்று தொடங்கினால் லாரி. டி என்றுதான் தொடங்கும்.

பகலில் எடு. நீயே எடு.

அத்தைக்கு என் வணக்கம்.

தளவாய்


வலியசாலை
திருவனந்தபுரம்
17-3-75

அன்புள்ள அத்தானுக்கு,

விஷயத்தை முதலில் எழுதச் சொன்னீர்கள். விஷயம்: பி-15. பென்சில் பிரதி உள்ளே இருக்கிறது, மடிப்பில் கிழியாமல் எடுங்கள். காய்ச்சல் போனது இரண்டாவது விஷயம். எனக்கு அது முதலாவது. போகட்டும்.

மேட்டின்மேல் அரை விரல் கனத்துக்கு அழுக்கு. மண்ணெண்ணெயில் போகாமல் தேங்காய் மட்டையால் சுரண்டினேன். தாள் மூன்று கிழிந்து நாலாவதில்தான் விழுந்தது. எழுத்து ஒவ்வொன்றாகக் கறுத்து வரும்போது, சின்னப் பிள்ளையில் காசைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அந்தச் சந்தோஷம். "ஏட்டி, கல்யாணம் ஆனவ செய்யுத வேலையா இது, மூஞ்சி பூரா கரி" என்று அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள். திரு. தாணுமாலயன், எம்.எஸ்ஸி., அவர்கள் டார்ச் அடித்தார்கள். (பெயர் போட்டுவிட்டேன். போதுமா, பட்டமும் வேண்டுமா?) பகல்தான். ஆனால் அம்மா ஷெட் ஜன்னல் வரைக்கும் ஓலை அடுக்கி வைத்திருக்கிறாள், உள்ளே பகலும் இரவும் ஒன்று.

இதை ஏன் இவ்வளவு கட்டிப்பிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அப்பா எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தவர். துரை கப்பலேறும்போது, "ஒரு நட்டுகூட மாற்றாத வண்டி" என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. மறுவீட்டன்று நீங்கள் லாரி என்ஜின் என்று சொன்னதும் பெரியப்பா ஒரு சிரிப்புச் சிரித்தார், "ஊரு கணக்கெல்லாம் சரியாப் பாத்தான், சொந்தக் கணக்குல ஏமாந்துட்டானே" என்று. அதிலிருந்து அம்மாவுக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சாலைக் கடைத்தெரு ஆக்ரிக்கடை பிச்சைக்கனியிடம் பழைய இரும்பு விலைக்கு உடைப்புக்குப் போட்டுவிடலாம் என்கிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். "மாப்பிள சொன்னா சொன்னதுதான். நீயும் ஒன் அத்தானும் சேந்து புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சிட்டீங்க?" என்கிறாள். உங்கள் வாய்தான் அவளுக்குக் கோர்ட்டு.

ஆகவே ஒரே ஒரு வரி அம்மாவுக்கு எழுதுங்கள். காரோடு வந்த என்ஜின்தான், விற்க வேண்டாம் என்று. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த என்ஜின் ஓடும் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். தையல் மிஷின் மாதிரி இருக்கிறது.

உங்கள்,
உலகு


குவைத்
28-3-75

அன்புள்ள உலகம்மைக்கு,

பிரதி கிடைத்தது. எழுத்து நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நம்பர் என்பது உளியும் சுத்தியலும் உள்ள எவனும் அடிக்கிறது. என்ஜினை மாற்றுகிறவன் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரைப் புதுப் பிளாக்கில் அடித்துவிட்டுத்தான் மாற்றுவான். இதுகூடத் தெரியாமல் எம்.எஸ்ஸி. ஆகியிருக்கிறான். இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தினமும் செவர்லே, பியூக் எல்லாம் வருகின்றன. வெளியே ஒரே பாடி. உள்ளே மூன்று தினுசு என்ஜின் இருக்கலாம். நானும் மார்த்தாண்டத்துச் சற்குணமும் நம்பரை நம்ப மாட்டோம். அளவை நம்புவோம். இரும்பின் நீளத்தை எவனும் திருத்தி அடிக்க முடியாது.

என்ஜின் மேலே படுத்திருக்கிற தட்டையான இரும்புதான் ஹெட். ஆறு பிளக்கும் அதில்தான் நிற்கும். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை அள. கார் என்ஜின் என்றால் இருபத்து மூன்று அங்குலம். நான் சொல்கிற பெரிய லாரி என்ஜின் என்றால் இருபத்தைந்து. நடுவில் ஒன்றும் கிடையாது. அந்தக் கார்புரேட்டரை நான் கண்ணால் பார்த்தேன், லாரிக் கார்புரேட்டர். இருபத்தைந்துதான் வரும்.

இப்போது டார்ச்சுக்கு வருகிறேன். உங்கள் ஷெட் எனக்குத் தெரியும். வண்டியின் இடதுபக்கம் சுவரோரம். ஒருவர் மட்கார்டின்மேல் குனிந்தால் இன்னொருவர் நிற்க அங்கே இடமில்லை. பின் அவன் எங்கே நின்று டார்ச் அடித்தான்? படம் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் சரியாக வரவில்லை.

நீ இதை வாசித்துச் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணப் பந்தியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருத்தி சொன்னாள்: "முதல்ல தாணுவுக்குத்தாம் பேசினாவ, ஜாதகம் சேரல." என் இலையில் பாயசம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உன்னிடம் கேட்கவில்லை, நாற்பது நாள் லீவில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று. ஜாதகம் சேர்ந்திருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம். அளந்து எழுது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறானா? அங்கே ஞாயிறு உனக்கு டைப் கிளாஸ் லீவு. இங்கே எனக்கு வெள்ளி. ஞாயிறு முழுக்க நான் ஏதாவது வண்டிக்கு அடியில் கிடக்கிறேன்.

தளவாய்


வலியசாலை
8-4-75

அன்புள்ள அத்தானுக்கு,

விஷயம்: இருபத்து மூன்று அங்குலம், நூலளவுகூட அதிகமில்லை. தையல் டேப்பால் அளந்தேன்.

இரண்டாவது விஷயம், கார்புரேட்டர். நீங்கள் பார்த்தது சரிதான், அது லாரியுடையதுதான். அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு ஓணத்துக்கு நாகர்கோவில் போகும் வழியில் பழையது உடைந்து, எங்கேயும் கிடைக்காமல், களியக்காவிளையில் ஒரு லாரிப் பட்டறையில் இருந்ததை அப்பா மாட்டினார். அமெரிக்காவிலிருந்து ஒரு திருகாணிகூட வராத காலம், கிடைத்ததைத்தானே மாட்டுவார்கள்? நீங்கள் கார்புரேட்டரைப் பார்த்துவிட்டு முழு என்ஜினையும் லாரியாக்கிவிட்டீர்கள். மூக்குத்தி மாற்றினால் ஆள் மாறிவிடுமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். யாருக்கும் நேரும் தப்புதான். ஐந்து நிமிஷம் பார்த்துச் சொன்னது. பட்டு வேட்டியில் கிரீஸ் படக்கூடாது என்று எட்ட நின்று வேறு பார்த்தீர்கள்.

டார்ச். ஓலைக்கட்டை நகர்த்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே, வீட்டுச் சந்தில் நின்று உள்ளே அடித்தார். கால் அம்மாவின் சாணிக்குழியில். இப்போது படம் சரியாக வருகிறதா? அவர் ஞாயிறு தவறாமல் வருவது உண்மை. அம்மா அவருடைய அத்தை. அப்பா இருந்தபோதும் வந்தவர்தான். முறையில் பார்த்தால் உங்களுக்கு அவர் அண்ணன் ஆக வேண்டும். அண்ணனை அவன் இவன் என்று எழுதுகிறீர்கள்.

ஜாதகக் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். வேண்டாம் என்று எழுதியதற்குப் பதில்: உங்களைப் பெண் பார்க்க வரச் சொன்னது நான். போட்டோவில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி நின்றீர்கள். இந்த ஆளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது, அது நல்லதுதான் என்று நினைத்தேன்.

அம்மா பிச்சைக்கனிக்கு ஆள் அனுப்பப் போவதாக மறுபடியும் சொல்கிறாள். அந்த ஒரு வரியை எழுதுங்கள், அத்தான்.

உங்கள்,
உலகு


குவைத்
18-4-75

உலகம்மைக்கு,

தையல் டேப்பில் அளந்திருக்கிறாய். துணி டேப். பழசு. இழுத்து இழுத்து நீண்டு போனதாக இருக்கும். நீண்ட டேப்பு அளவைக் குறைத்துத்தான் காட்டும். இருபத்தைந்தை இருபத்து மூன்று என்று காட்டும். இது பிசிக்ஸ். அவனிடம் கேட்டுப் பார், சொல்லுவான்.

அடுத்த கேள்விதான் முக்கியம். டேப்புக்கு இரண்டு முனை. நீ பின் விளிம்பில் ஒரு முனையைப் பிடித்தாய் என்றால் முன் விளிம்பில் மறுமுனையைப் பிடித்தது யார்? சந்தில் நின்று ஜன்னல் வழியாகப் பிடித்தான் என்று எழுதாதே.

கடிதத்தில் "அளந்தேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறாய். மூன்று தடவை வாசித்தேன். பானெட்டுக்குக் கீழே இரண்டு பேர் தலை குனிந்தால் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று எனக்குத் தெரியும், தொழிலே அதுதான். சற்குணத்தின் மூச்சில் அவன் சாப்பிட்ட வெங்காயம் வரைக்கும் எனக்குத் தெரியும்.

போட்டோவைப் பற்றி எழுதியதை வாசித்தேன். அதை எழுதிய அதே பேனாவால்தான் "அவர் ஞாயிறு தவறாமல் வருவது உண்மை" என்றும் எழுதியிருக்கிறாய். எதை எடுத்துக்கொள்வது?

இந்த வழக்கை முடித்துவிட்டேன். இதே தபாலில் அத்தைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். லாரி என்ஜின்தான், வைத்திருந்து பிரயோஜனம் இல்லை, பிச்சைக்கனிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று. வண்டி இருந்தால் வண்டியைப் பார்க்க ஆள் வரும். வண்டி போனால் ஷெட்டைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

வெயில் தொடங்கிவிட்டது. ஸ்பானரை வெறும் கையால் எடுக்க முடியவில்லை.

தளவாய்


வலியசாலை
29-4-75

அன்புள்ள அத்தானுக்கு,

மறுமுனையைப் பிடித்தது என் பல்.

ரேடியேட்டர் பக்கம் நின்று, குனிந்து, டேப்பின் தகரத் துண்டை ஹெட்டின் முன் விளிம்பில் வைத்துக் கடித்துப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டிப் பின் விளிம்பில் டேப்பை இழுத்தேன். உதடெல்லாம் கிரீஸ். இரண்டு நாள் சோற்றில் மண்ணெண்ணெய் மணம். பல்லில் கடித்துக்கொண்டு நம்பரைப் படிக்க முடியாது, அதனால் அந்த இடத்தை நகத்தால் அழுத்தி எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "என்னட்டி, வண்டிய முத்துதியா?" என்று கேட்டு உட்கார்ந்து சிரித்தாள். அப்பா போன இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இதை உங்களுக்குத் தமாஷாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். இப்போது சாட்சி சொல்வது மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. அன்று திங்கட்கிழமை. அவர் ஊரிலேயே இல்லை, பரீட்சைக் கண்காணிப்புக்குக் கொல்லம் போயிருந்தார்.

டேப் நீண்டிருக்கும் என்றீர்கள். டைப் கிளாஸிலிருந்து ஸ்டீல் ஸ்கேல் வாங்கி வந்து டேப்பை அதன்மேல் விரித்து வைத்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. இருபத்து மூன்றேதான்.

உங்கள் கடிதத்தை அம்மா பூஜை அறையில் வைத்துவிட்டாள். பிச்சைக்கனி நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார். மே பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை, லாரி கொண்டுவந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. நான் அழுதேன். உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. அம்மாவின் மனதும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. "அளவெல்லாம் நீ சொல்லுத. எனக்கு என்ன தெரியும்? மாப்பிள வேண்டாம்னு ஒரு தந்தி அடிச்சா நிறுத்திப்போடுதேன். அவரு சொல்லாம நான் நிறுத்தினா அவருக்கு மரியாதக் கொறவு" என்கிறாள்.

கடிதத்துக்கு நேரமில்லை. ஒரு தந்தி. "விற்க வேண்டாம்." வேறு எதுவும் அதில் இருக்க வேண்டாம். எனக்கு ஒரு வார்த்தைகூட வேண்டாம். தப்பு என்று நீங்கள் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். அப்பாவைப் பார்த்து இனி யாரும் சிரிக்காமல் இருந்தால் போதும்.

வெறும் கையால் ஸ்பானரை எடுக்காதீர்கள். பழந்துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
உலகு


குவைத்
9-5-75

அன்புள்ள உலகம்மைக்கு,

கடிதம் நேற்று வந்தது. நேற்று இரவே தந்தியாபீசுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாகிஸ்தானி. அவன் முடித்ததும் என் முறை. குமாஸ்தா என்னவென்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

தந்தியில் நிபந்தனை எழுத முடியாது. அதனால்தான் கடிதம்.

சரி, கேள். இருபத்து மூன்று என்றால் சின்ன என்ஜின். சின்ன என்ஜின் என்றால் பி-15 பிறகு எவனோ அடித்த நம்பர் இல்லை, வார்த்த இடத்திலேயே பொறித்த நம்பர். காரோடு வந்ததுதான். துணி டேப் இரண்டு அங்குலம் நீளாது. அது எவனுக்கும் தெரியும்.

நான் அத்தைக்கு எழுதுகிறேன். வண்டி இருக்கட்டும். உன் பெரியப்பாவுக்கும் தனியாக எழுதுகிறேன், அவர் அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் தாணுமாலயன் உங்கள் வாசற்படி ஏறக்கூடாது. ஞாயிறும் கூடாது, திங்களும் கூடாது, திருவிழாவுக்கும் கூடாது. நீ இதற்குச் "சரி" என்று எழுது. அந்தக் கடிதம் என் கைக்கு வருகிற அன்றைக்கே அத்தைக்கு எழுதிவிடுகிறேன். அதுவரைக்கும் பதின்மூன்றாம் தேதியை எதையாவது சொல்லித் தள்ளிப் போடு. அமாவாசை, கரிநாள், ஏதாவது. அத்தை கேட்பாள்.

நான் கெட்டவன் என்று நினைக்காதே. எனக்கு என்ன பொறுக்கவில்லை தெரியுமா? அந்த வண்டியின் சத்தத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உங்கள் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. பால்காரன் கேட்டிருப்பான். பக்கத்து வீட்டு மாடு கேட்டிருக்கும். அவன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான், ஆக்ஸிலரேட்டரை அமுக்கி உன் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். "தையல் மிஷின் மாதிரி" என்று நீ எனக்கு எழுதினாய். அதை முதலில் அவனிடம்தானே சொல்லியிருப்பாய்? அந்த வார்த்தை எனக்குப் பழசாகத்தான் வந்து சேர்ந்தது.

நவம்பரில் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானே டியூன் செய்கிறேன். நீ முன் சீட்டில் உட்கார். விழிஞ்ஞம் வரைக்கும் போய், கடலைப் பார்த்துவிட்டு வருவோம். யாரும் கூட வேண்டாம்.

"சரி" என்று எழுது. ஒரே வார்த்தை.

உன்,
தளவாய்


வலியசாலை
21-5-75

அன்புள்ள அத்தானுக்கு,

விஷயம்: வண்டி போய்விட்டது. பதின்மூன்றாம் தேதி. உங்கள் கடிதம் வந்தது பத்தொன்பதாம் தேதி.

அன்று காலையில் பிச்சைக்கனி நாலு ஆட்களோடு வந்தார். அம்மா அவரைக் காக்க வைத்தாள். காப்பி கொடுத்தாள். தோசை சுட்டாள். கயிறு சரியில்லை, மாற்றிக் கட்டு என்றாள். "பெரியம்மா, என்ன, மாப்பிள வீட்டுக்காரங்களா நாங்க? வண்டியத் தள்ளவா வேண்டாமா?" என்று அவர் கேட்டுவிட்டார். அம்மா என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி, தந்தி வல்லியா?" வரவில்லை என்றேன். "அப்பம் அவருக்கு இஷ்டமில்ல போல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். கரிநாள் அமாவாசை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வருமென்று அந்தத் தோசைகளைச் சுட்டாள்.

பிச்சைக்கனியிடம் நான் கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன், இது லாரி என்ஜின் இல்லை, காரோடு வந்தது என்று. "எதுவா இருந்தா என்ன தாயி, தராசுக்கு அண்ணன் தம்பி தெரியுமா?" என்றார். நல்ல மனுஷர்தான். தள்ளும்போது மட்கார்டு வாசல் தூணில் உரசக்கூடாது என்று கையைக் கொடுத்தார்.

தாணு அத்தான் அன்று வரவில்லை. மறுநாள் விஷயம் கேள்விப்பட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், உடைக்கும் முன்னால் முழு வண்டியையும் பிச்சைக்கனியிடமிருந்து வாங்கிவிட்டார். இப்போது அது கரமனையில் அவர் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. எங்களிடம் சொல்லக்கூட இல்லை, பிச்சைக்கனி வந்து சொல்லித்தான் தெரியும். அத்தை முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு போய்விட்டது. வரவில்லை.

ஆகவே உங்கள் நிபந்தனைக்கு நான் "சரி" என்று எழுத வேண்டியதில்லை. அவர் எங்கள் வாசற்படி ஏறுவதில்லை. நான்தான் கரமனைக்குப் போகிறேன். டைப் கிளாஸ் முடிந்து கொஞ்சம் நடந்தால் போதும். இதுவரை இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இரண்டாவது தடவை உள்ளே போகவில்லை. மறைக்க எதுவும் இல்லாததால் எழுதுகிறேன். இனிமேல் இருந்தாலும் எழுதுவேன்.

உங்கள் கடிதத்தை நான் ஒரு தடவைதான் வாசித்தேன். சத்தத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மனசு கனத்தது உண்மை. இரவில் தந்தியாபீஸ் வரை போனீர்கள், வரிசையில் நின்றீர்கள், உங்கள் முறை வந்தது. அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. எந்தப் பக்கம் வாசிக்கத் தொடங்கினாலும் அங்கேயே வந்து நிற்கிறேன். தையல் மிஷின் என்று யாரிடம் முதலில் சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதும்போதுதான் அந்த வார்த்தை வந்தது.

வண்டி ஏறும் இடங்களில் கொஞ்சம் திணறுகிறது. பிளக் ஆறையும் கழற்றித் துடைத்தேன், பாயிண்டைத் தேய்த்தேன். அப்படியும் திணறல் நிற்கவில்லை. வால்வு இடைவெளியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். கேட்டால் ஒரே வரியில் எழுதிவிடுவீர்கள் என்பதும் தெரியும்.

கேட்கவில்லை. நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

உலகம்மை